பெட்டியை இறக்கச் சொன்ன சார்ஜன்

பாலாவிச் சந்திப் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் செய்தி வந்தது. சீமெந்து ஏற்றிய லொறி ஒன்று ஹோன் அடித்தபடி திரும்பியதில், தொலைபேசியில் சார்ஜனின் மகன் ஜூட் சொன்னது முதலில் விளங்கவில்லை. "சத்தமாச் சொல்லு மகன்" என்றேன். "அப்பா போயிட்டார் மாஸ்டர்" என்றான். விடியற்காலையில் எழுந்து, வழமைபோலக் கட்டிலில் இருந்தபடியே மனைவியிடம் தேத்தண்ணி கேட்டிருக்கிறார். தண்ணீர் கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, மூக்கில் குழாய் இல்லை.

"இன்னா லில்லாஹி" என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது. பாண்காரர் பாணைச் சுற்றிய கையோடு என்னைப் பார்த்தார்.

"யார் மாஸ்டர் மௌத்து?"

"என்ட கூட்டாளி ஒராள். கண்டக்குழி."

"எங்கட ஆளா?"

"இல்ல, வேதக்காரர். பழைய ஆமிக்காரர்."

பாண்காரரின் புருவம் உயர்ந்தது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து குடியேறிய ஒரு சோனக மாஸ்டருக்கு இராணுவக்காரர் எப்படிக் கூட்டாளியானார் என்ற கதையைச் சந்தியில் நின்று சொல்ல முடியாது. முப்பத்தோராம் நாள் நினைவிதழுக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று ஜூட் கேட்டிருக்கிறான். இரண்டு பக்கத்திலும் சொல்ல முடியாது. வாத்தியாரிடம் கேட்டால் இப்படித்தான்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆறுதல். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு நான் கண்டக்குழிக்குப் போயிருந்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் பல வருடமாகக் கிடந்த ஒரு கதையை அன்றுதான் கதைத்து முடித்தோம். நாளைக்குப் போகலாம், அடுத்த கிழமை போகலாம் என்று வழமைபோல நான் இழுத்தடித்திருந்தால், அந்தச் சந்தியில் பாணோடு நின்ற என்னை யாரும் தேற்றியிருக்க முடியாது. துக்கம் பிறகு வந்தது. பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்த பிறகு வந்தது.

அவரைக் கண்டக்குழியில் அறிந்த உங்களுக்கு அவர் பெனடிக்ற் அண்ணன். மாதா கோயில் திருநாளில் வாகனங்களை ஒழுங்குபடுத்துகிறவர், படகுகள் திரும்பும் நேரத்தில் கரையில் நின்று எண்ணிப் பார்க்கிறவர். எனக்கு அவர் சார்ஜன். ஓய்வுபெறும்போது அதைவிடப் பெரிய பதவிக்கு வந்திருந்தார். ஆனாலும் என் வாயில் சார்ஜன்தான். "ரேங்கக் குறைச்சுக் கூப்பிடுற ஒரே ஆள் நீங்கதான் மாஸ்டர்" என்று சிரிப்பார். சிலாபத்துப் பக்கம் பிறந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம், இராணுவத்தில் இரண்டும். ரீட்டாவைக் கட்டியதால் கண்டக்குழிக்காரர் ஆனார்.

நான் அவரை முதலில் கண்டது ஒரு தேர்தல் நாளில். யுத்தம் இன்னும் முடிந்திராத காலம். தொண்ணூறாம் ஆண்டில் துவக்கு நீட்டிய இயக்கக்காரர்கள் கெடு வைத்து வெளியேற்றிய எங்கள் சனத்துக்கு வாக்கு மன்னாரில், உடம்பு புத்தளத்தில். அதனால் அவர்களுக்கென்று இங்கேயே தனி வாக்கெடுப்பு நிலையங்கள் வைத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு என்னைத் தலைமை அலுவலராகப் போட்டிருந்தார்கள். நுரைச்சோலையைத் தாண்டி, மணல் பாதையின் முடிவில், கடல் இரைச்சல் கேட்கும் சின்னப் பள்ளிக்கூடம்.

காலையில் கேற்றைத் திறந்தபோது வெளியே ஓர் இராணுவ லொறி நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒல்லியான மனிதர் உள்ளே வரவில்லை. கேற்றுக்கு அப்பால் நின்றபடி, "மாஸ்டர், உங்கட எல்லை எதுவரைக்கும்?" என்று கேட்டார்.

"என்ன எல்லை?"

"இண்டைக்கு இஞ்ச நீங்கதானே பெரியவர். எதுக்கு உள்ளுக்கு நாங்க வரக்கூடாது எண்டு காட்டுங்க. பொடியன்மாருக்குச் சொல்ல வேணும்."

குடியியற் கல்வி படிப்பிப்பதே என் தொழில். ஆயுதப் படைகள் குடிமக்களின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று தெரியாது. ஆனால் சீருடை போட்ட ஒருவர் என்னிடம் எல்லை கேட்டது அதுவே முதல் தடவை. அதுவரை அவர்கள்தான் எனக்கு எல்லை காட்டியிருந்தார்கள். இறங்கு, வரிசையில் நில், அடையாள அட்டையைக் காட்டு. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. செருப்பை இழுத்து மணலில் ஒரு கோடு போட்டேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி அதன் மேல் வரிசையாக அடுக்கினார்.

பத்து மணி வெயிலில் ஒரு சிப்பாய் வெற்றுப் போத்தலோடு பள்ளிக்கூடத்துக் குழாயை நோக்கி வந்தான். சார்ஜன் போட்ட சத்தத்தில் வரிசையில் தாய்மாரோடு நின்ற பிள்ளைகள் அழத் தொடங்கின. கடைசியில் பள்ளிக்கூடக் காவலாளி வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கோட்டுக்கு வெளியே வைத்தார். இது கொஞ்சம் கூடிப்போயிற்று என்று எனக்குப் பட்டது. வாசலுக்குப் போய்ச் சொன்னேன்.

"துவக்கோட ஒராள் உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனாலும், பாத்துக்கொண்டு நிக்கிற சனத்துக்கு அது தண்ணி இல்ல மாஸ்டர்" என்றார்.

அன்று வரிசையில் முதலாவதாக நின்றவர் றஹ்மா ராத்தா. அகதி முகாமில் இடியப்பம் அவித்து விற்றுக் குடும்பம் பார்த்தவர். மன்னாரை விட்டு வந்த பிறகு அவர் போடும் முதல் வாக்கு. வாக்குச் சீட்டை மடிப்புக்கு மேல் மடிப்பாகத் தாயத்து அளவுக்கு மடித்துக் கொண்டுவந்தார். பெட்டியின் வாயில் வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"தம்பி, இத எண்ணுவாங்களா?" என்று கேட்டார்.

"எண்ணுவாங்க ராத்தா."

"எங்கட எண்டு தனியா ஒதுக்கி வச்சிட மாட்டாங்களே?"

"நான் பொறுப்பு" என்றேன். அதன் பிறகுதான் சீட்டை விட்டார். அரசாங்க அலுவலர் அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. வாய்க்கு வந்துவிட்டது, கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் வாக்கெடுப்பு முடிந்து, பெட்டியைப் பூட்டி, முத்திரை ஒட்டி, கட்சி முகவர்கள் கையெழுத்து வைக்கும் வரையில் ஒரு குறையும் இல்லை. பிறகு மழை பிடித்தது. புத்தளத்தில் மழை அபூர்வம், பிடித்தால் விடாது. பெட்டியையும், முகவர்களையும், காவலுக்கு வந்த பொலிஸ்காரரையும், எங்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பஸ் அரை மைல் போகவில்லை. வெள்ளத்தில் மதகின் ஓரம் இடிந்து, முன்சில்லு குழிக்குள் இறங்கிவிட்டது. சாரதி இறங்கிப் பார்த்துவிட்டு, அச்சு முறிந்துவிட்டது என்று கையை விரித்தார். பஸ் சரிந்து நின்றது. கூரை ஒழுகியது. புத்தளத்தில் எண்ணும் நிலையத்தில் மற்றப் பெட்டிகள் வந்து சேரத் தொடங்கியிருக்கும். நேரம் பிந்தி வரும் பெட்டியை எல்லோரும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். அதுவும் மன்னார்ச் சனத்தின் பெட்டி.

அப்போது பின்னால் சார்ஜனின் லொறி வந்தது. மேலே தார்ப்பாய் போட்ட, பெரிய சில்லு லொறி. அல்லாஹ்வே அனுப்பினான் என்று நினைத்தேன். அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று மறித்தேன். சார்ஜன் முன்னிருக்கையிலிருந்து இறங்கி வருவதற்குள், எங்கள் உதவியாளர்கள் இருவரும் நானுமாகப் பெட்டியைத் தூக்கி லொறியின் பின்பலகையில் வைத்துவிட்டோம்.

"இறக்குங்க மாஸ்டர்" என்றார் சார்ஜன்.

எனக்குக் கேட்டது, விளங்கவில்லை. "புத்தளம் வரைக்கும் கொண்டுபோய் விட்டாப் போதும் சார்ஜன். பொலிஸ் கூட வருது, நானும் வாறன்."

"சரி, உங்கட அவசரம் விளங்குது. ஆனா இறக்குங்க."

"மழைக்குள்ளயா?"

"எழுத்தில ஓடர் இல்லாம அந்தப் பெட்டி என்ட லொறியில ஏற ஏலாது. இறக்குங்க."

அன்று காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. றஹ்மா ராத்தாவுக்குக் கொடுத்த வாக்கு மண்டைக்குள் குடைந்தது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தம் இல்லை.

"மன்னார்ச் சோனகன்ட வோட் எண்டபடியாத்தானே இப்படிச் செய்யுறீங்க? எங்கட வோட் நனைஞ்சு நாறட்டும் எண்டுதானே?"

அவருடைய பொடியன்மார் எல்லோரும் கேட்டார்கள். சார்ஜனின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"ஓம் மாஸ்டர்" என்றார். "அந்த வோட் எண்டபடியாத்தான் இறக்கச் சொல்றன்."

சொல்லிவிட்டுக் கண்ணால் ஒரு பக்கம் காட்டினார். பஸ்ஸின் வாசலில் எதிர்த்தரப்பு முகவர் நின்றுகொண்டிருந்தார். நாள் முழுக்க எங்களோடு ஒன்றாகத் தேத்தண்ணி குடித்த மனிதர். நல்லவர்தான். அவர் குனிந்து, உள்ளங்கையில் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அது லொறியின் இலக்கம். நாளைக்கு அவருடைய கட்சி தோற்றால், அந்த இலக்கம் உள்ளங்கையிலிருந்து மேடைக்கு ஏறும். பெட்டி ஆமி லொறியில் போனது, வழியில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த ஒரு கேள்வி போதும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு சீட்டும் சந்தேகச் சீட்டு.

குடியியல் படிப்பித்தவன் நான். பெட்டியை ஆமி லொறியில் ஏற்றியவனும் நான்தான்.

இறக்கினோம். இறக்கிப் பஸ்ஸுக்குள் வைத்தால் மேலே ஒழுகுகிறது. சார்ஜன் தன் மழைக்கோட்டைக் கழற்றினார். அதைப் பெட்டியின் மேல் தானே போட்டிருக்கலாம். போடவில்லை. பொலிஸ்காரரிடம் கொடுத்தார், பொலிஸ்காரர் என்னிடம் கொடுத்தார், நான் போர்த்தினேன். பிறகு தன் ஆட்களைப் பஸ்ஸைச் சுற்றிப் பத்தடி தள்ளி நிறுத்தினார். எல்லோருக்கும் முகம் பாதையைப் பார்க்க, முதுகு பெட்டியைப் பார்க்க.

"ஒருத்தனும் திரும்பிப் பாக்கப்படாது. பெட்டியப் பாக்கிறது அவங்கட வேல" என்று சிங்களத்தில் சொன்னார். அவர்களும் அப்படியே நனைந்துகொண்டு நின்றார்கள்.

வாகனம் வேண்டும். பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டக்காரரிடம் ட்ராக்டர் இருக்கிறது என்று, எங்களோடு பஸ்ஸில் வந்த பள்ளிக்கூடக் காவலாளி சொன்னார். சார்ஜன் ஒரு சிப்பாயை அனுப்பினார். அவன் புறப்பட்டதும் திரும்பக் கூப்பிட்டார். "துவக்க வச்சிட்டுப் போ. துவக்கோட கேட்டா அது கேக்கிறது இல்ல, பறிக்கிறது." அவன் துவக்கை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஓடினான். மற்றத் தரப்பு முகவரும் அவனோடு போனார். தோட்டக்காரர் முதலில் மாட்டேன் என்றாராம். மழை, வெள்ளம், இருட்டப்போகிறது என்று நியாயம் சொன்னாராம். கெஞ்சிக் கேட்ட பிறகுதான் சம்மதித்தாராம். அவர் மாட்டேன் என்று சொல்ல முடிந்ததே, அதைத்தான் நான் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தேன்.

ட்ராக்டர் வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. வெங்காயச் சருகு ஒட்டிய ட்ராக்டர் பெட்டியில் வாக்குப் பெட்டியை வைத்து, இரண்டு பக்கத்து முகவர்களும் ஆளுக்கொரு பக்கம் குந்தினார்கள். எதிர்த்தரப்பு முகவர் இலக்கம் எழுதிய கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். மழையில் அந்த இலக்கம் கரைந்துபோயிருந்தது. நான் சார்ஜனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவர் லொறியைப் பின்னால் விட்டுக்கொண்டு பெரிய வீதி வரைக்கும் வந்தார். அங்கே பொலிஸ் ஜீப் காத்திருந்தது. லொறி நின்றுவிட்டது. நாங்கள் போனோம். மழைக்கோட் என்னோடேயே வந்துவிட்டது.

எண்ணும் நிலையத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். சார்ஜனும் அதைப் பிறகுதான் கேட்டார்.

வருடங்கள் போயின. யுத்தம் முடிந்தது. எங்கள் சனத்தில் சிலர் மன்னாருக்குத் திரும்பினார்கள், பலர் இங்கேயே வேர்விட்டார்கள். நான் ஓய்வுபெறுவதற்குக் கிட்டிய காலத்தில் ஒரு தேர்தலுக்குக் கண்டக்குழியில் கடமை. காலையில் வாக்கெடுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், வாசலுக்கு வெளியே ஒருவர் சாரம் உடுத்து, கையில் குடையோடு நிமிர்ந்து நிற்பதைக் கண்டேன். உள்ளே வருவதும் இல்லை, போவதும் இல்லை. ஒரு பெண் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க உள்ளுக்கு, என்னத்துக்கு நிக்கிறீங்க? சனம் பாக்குது!"

அது ரீட்டா. குடைக்காரர் சார்ஜன். இராணுவத்தில் இருக்கும்வரை தபால் மூலம் வாக்களித்தே பழகியவர். பெட்டியும் மேசையும் வைத்த அறைக்குள் வாழ்நாளில் ஒரு தடவையும் கால் வைத்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு வந்த முதல் தேர்தல். கால் பழக்கத்தில் வாசலோடு நின்றுவிட்டது. நான் எழுந்து வெளியே போனேன். இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டோம்.

"உள்ள வரலாம் சார்ஜன். உங்கட எல்லை முடிஞ்சுது" என்றேன்.

குடையைக் காட்டி, "இத வெளியில வச்சிட்டு வரவா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நான்தான் சிரித்துவிட்டேன். அவர் வாக்குப் போட்டுவிட்டு, சாயம் பூசிய விரலைப் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு போனார். அன்று தொடங்கியதுதான் எங்கள் கூட்டு.

மாதத்துக்கு ஒரு தடவையாவது நான் கண்டக்குழிக்குப் போவேன், அல்லது அவர் பாலாவிக்கு வருவார். மீன், அரசியல், சீனி வருத்தம், மகன்மார், எல்லாம் கதைப்போம். அந்த மழை நாளை மட்டும் கதைக்கமாட்டோம். அன்று சொன்ன வார்த்தையை நினைத்து எனக்கு வெட்கம். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று போவேன். அவர் வறுத்த சூடை மீனை நீட்டுவார். மன்னிப்பு தொண்டையிலிருந்து இறங்கிவிடும். மழைக்கோட்டைப் பற்றி மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை விசாரிப்பார். "மாஸ்டர், அரசாங்கச் சாமான் ஒண்டு உங்கட வீட்டில கிடக்கு." "அலுமாரியில பத்திரமா இருக்கு சார்ஜன்." அதோடு கதை மாறும்.

எரிபொருளுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கொழும்பில் சனம் ஆட்சியாளர் மாளிகைக்குள் புகுந்து கட்டிலில் படுத்துப் பார்த்த நாளில், நான் தொலைக்காட்சியை விட்டு எழும்பவில்லை. அடுத்து என்ன? பக்கத்து நாடுகளில் இப்படியான நாளில் எந்தச் சீருடைக்காரர் திரையில் வந்து நாட்டுக்கு உரையாற்றுவார் என்று படிப்பித்தவன் நான். சார்ஜனுக்கு அழைப்பு எடுத்தேன்.

"இனி உங்கட ஆக்கள்தானே?" என்றேன்.

"பைத்தியமா மாஸ்டர் உங்களுக்கு?" என்றார். "எங்கட ஆக்களுக்குத் துவக்குத் தூக்கத்தான் படிப்பிச்சிருக்கு, நாடு தூக்கப் படிப்பிக்கல்ல."

"அப்பிடிச் செய்யச் சொல்லி யாரும் சொன்னா?"

"ஒவ்வொரு வாசல்லயும் ஒரு சார்ஜன் நிப்பான் மாஸ்டர். அவனுக்கும் ஒரு எல்லை தெரிஞ்சிருந்தாச் சரி. அதத்தான் நானும் மாதாவக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

அவருக்கும் பயம் இருந்தது. அதை அவர் மறைக்காததுதான் எனக்குத் தைரியம் தந்தது. எல்லாச் சிப்பாயும் இப்படித்தான் என்று நான் எழுத வரவில்லை. எழுதினால் அவரே எழுந்து வந்து "பொய் சொல்லாதீங்க மாஸ்டர்" என்பார். இந்த நாட்டில் சீருடையால் அழுதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய அழுகைக்கு இன்னும் பதில் இல்லை. அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். மறுத்துக் கதைத்ததில்லை. ஆனால் அந்த வருடம் அடுத்த ஆளை யாரும் துவக்கால் நியமிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பெட்டி வந்தது, சனம் போட்டது, ஆட்சி மாறியது. தோற்றவர் வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் சார்ஜனிடம், முடிவு வரும்வரை விழித்திருந்தீர்களா என்று கேட்டேன்.

"இல்ல, நல்லா நித்திர கொண்டன். எலெக்சன் முடிவு வாற அண்டைக்கு ஆமிக்காரன் குறட்டை விடுற நாட்டில ஒரு பயமும் இல்ல மாஸ்டர்" என்றார். ரீட்டா உள்ளிருந்து, "குறட்டை எண்டா குறட்டை! பக்கத்து மீன்வாடிக்காரனும் எழும்பிட்டான்" என்று சாட்சி சொன்னார்.

அவர் போவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு நான் போனபோது சார்ஜன் நன்றாக இளைத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். நான் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். இன்று சொல்லிவிடவேண்டும் என்று பஸ்ஸில் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் முந்திவிட்டார்.

"மாஸ்டர், உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். வெக்கமா இருக்கு."

"கேளுங்க."

"அண்டைக்கு அந்தப் பெட்டி... எண்ணினாங்களா?"

நான் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தேன். அவர் தொடர்ந்து சொன்னார்.

"நேரம் பிந்திப்போச்சு எண்டு ஒதுக்கி வச்சிட்டாங்களோ எண்டு எனக்கு ஒரு யோசனை. நான்தானே இறக்கச் சொன்னன். ஒன்றரை மணித்தியாலம் நான்தானே பிந்த வச்சன். அடுத்த நாள் விடிய எங்கள வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. ஆமிக்காரன் போய்ப் பெட்டியப் பத்தி விசாரிக்கவும் கூடாது தானே."

"என்னக் கண்ட நாளே கேட்டிருக்கலாமே சார்ஜன்! இத்தன வருசமா ஒண்டாச் சாப்பிட்டமே!"

"நீங்க இல்ல எண்டு சொல்லிட்டீங்க எண்டா?" என்றார். "அந்தச் சனம் அவ்வளவும் லைன்ல நிண்டத நான் பாத்தன் தானே. அந்த முதல் பொம்பிள, கைய எடுக்காம நிண்டாவே... வாசல்ல இருந்து பாத்தன்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணும் நிலையத்தில் ஏன் இவ்வளவு பிந்தியது என்று அதிகாரி கேட்டதைச் சொன்னேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே எதிர்த்தரப்பு முகவர் முன்னால் வந்து, "பிந்தினாலும் பரவாயில்ல சேர், பஸ் உடைஞ்ச இடத்தில இருந்து கேற் வரைக்கும் என்ட கண் பெட்டிய விட்டு விலகல்ல. ட்ராக்டர்ல என்ட கை அதுக்கு மேலதான் இருந்தது. எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல" என்று தன் வாயாலேயே சொல்லிக் கையெழுத்து வைத்ததைச் சொன்னேன். அந்த முகவரின் கட்சி அந்தப் பெட்டியில் தோற்றது. தோற்றும் ஒரு வார்த்தை முறையிடவில்லை. அடுத்த நாள் காலை முகாமுக்குப் போய், றஹ்மா ராத்தாவிடம், கடைசிச் சீட்டு வரைக்கும் எண்ணினார்கள் என்று நான் சொன்னதையும், அவர் இடியப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுததையும் சொன்னேன்.

"லொறியில போயிருந்தா, அந்த மனுசன் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டார் சார்ஜன்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு மேலே போய், மெல்லக் கீழே இறங்கியது. எத்தனையோ வருடம் உள்ளே வைத்திருந்த மூச்சு அது. "அப்பச் சரி" என்றார். "அப்பச் சரி மாஸ்டர்."

அந்தச் சூட்டோடு நானும் சொல்லிவிட்டேன். "அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்ன அந்தக் கத... என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க."

"என்ன கத?"

"சோனகன்ட வோட் எண்டபடியா எண்டு..."

"மழைச் சத்தத்தில ஒண்டும் கேக்கல்லயே" என்றார்.

"கேட்டுப் பதிலும் சொன்னீங்களே!"

"அது வேற யாரோ சார்ஜனா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, இளைத்த உடம்பு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். ரீட்டா தேத்தண்ணியோடு வந்து, இரண்டு கிழடும் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கின்றன என்று தெரியாமல் நின்றார்.

அடக்கத்தன்று றஹ்மா ராத்தாவும் என்னோடு கண்டக்குழிக்கு வந்தார். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பழைய சிப்பாய்கள் சிலர் சாதாரண உடுப்பில் வந்து, வீட்டு வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். யாரும் அவர்களுக்கு எல்லை காட்டவில்லை, தாங்களாகவே நின்றார்கள். ராத்தா அவர்களைத் தாண்டி உள்ளே போனார். சார்ஜனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவர்தானா தம்பி?"

"ஓம் ராத்தா, இவர்தான்."

முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, காது கேட்காத ஒருவருக்குச் சொல்வதுபோலக் குனிந்து, "எண்ணினாங்க தம்பி" என்றார். ரீட்டா எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுபோயிருந்தேன். கழுவி, காயவைத்து, மடித்து. ரீட்டா அதை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி என் கையிலேயே வைத்தார். "அரசாங்கச் சாமான் தானே மாஸ்டர். வீட்டில வச்சிருந்தா அவருக்கு ஏச்சு விழும்" என்றார். அழுதுகொண்டே பகிடி விட்டார். புருஷனிடம் பழகியது.

ஆகவே அது திரும்பவும் என் அலுமாரியில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான், அது போதும். அடுத்த தேர்தல் நாளில் மழை பிடித்தால், பெட்டியோடு எங்கள் வீதியால் போகிற யாராவது ஒரு மாஸ்டருக்கு அதைக் கொடுப்பேன். கொடுக்கும்போது சொல்லவேண்டியதையும் தயாராக வைத்திருக்கிறேன். நன்றாகப் போர்த்துங்கள், நனைந்தாலும் பரவாயில்லை, பிந்தினாலும் பரவாயில்லை, லொறியில் மட்டும் ஏற்றாதீர்கள்.